சுருவிலிலிருந்து அடைத்த வேலி

அன்றைக்குக் குசினியில் இருந்தவர்கள்: அண்ணை, அவருடைய மனைவியான அக்கா, நான், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த ரெலிபோனுக்குள் அண்ணையின் தங்கச்சி வதனி, வதனியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய ஏழு வயது மகள் ஆரணி. இல்லாதவர்கள்: விடியவே பார்சல் வான் ஓட்டப் போய்விட்ட வதனியின் புருசன், பத்து நாளைக்கென்று தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டு ஷீலா, முதல் நாள் இரவு வரைக்கும் வதனியின் வளவுக்கும் ஷீலாவின் வளவுக்கும் நடுவில் நின்ற வேலி.

வேலியைப் புயல் கொண்டுபோயிருந்தது. புயல் அடித்தது இங்கிலாந்தில், நியூமோல்டனில். நாங்கள் இருந்தது யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், சுருவிலில். இங்கே மத்தியானம் ஒன்றரை, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அங்கே காலை எட்டு மணி, மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் தொடாதேங்கோ. விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும்" என்றார் அண்ணை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. "வதனி, கமராவைக் கொஞ்சம் பதிச்சுப் பிடி. தூண் நிண்ட கிடங்கைக் காட்டு. அதுதான் எங்கட எல்லை. அதை மண் மூட விடாதே."

"அண்ணை, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக நேரம் போகுது."

"போ, போ. போனை மட்டும் யன்னலிலை வைச்சிட்டுப் போ."

"போனை வைச்சிட்டு நான் எப்பிடிப் போறது?"

அக்கா தேங்காய் திருவியபடியே சொன்னார்: "போனை வைச்சிட்டு, ரெண்டு கண்ணையும் கழட்டிப் பக்கத்திலை வைச்சிட்டுப் போ பிள்ளை. இந்த மனிசனுக்கு உதவும்."

நான் சொல்ல வந்தது இந்த அண்ணையைப் பற்றித்தான். ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டியவர். ஐம்பத்தைந்து வயது, பெருத்த உடம்பு, அதற்குள் பொருந்தாத மெல்லிய குரல். பிள்ளைகள் இல்லை. எங்கள் வளவும் அவருடைய வளவும் ஒரு வேலி. எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்த புத்தகம் என்னுடைய பாலர் வகுப்புப் புத்தகம்தான். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து முடித்து, ஆசிரிய நியமனத்துக்குக் காத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வருசத்தில்தான் அவரோடு இப்படி நெருங்கினேன்.

நியூமோல்டன் என்பது லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிற ஒரு குடிமனைப் பகுதி. வதனி கலியாணம் முடித்து அங்கே போய்ப் பன்னிரண்டு வருசம். அண்ணை ஒருநாளும் போனதில்லை. கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் சனங்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அங்கே குடியிருப்பது எப்படி என்பது, அங்கே குடியிருக்கிறவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பாதை மனதில் தங்குகிற சாரதி அவர். வதனி ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நடந்த தெருவெல்லாம் அவருக்குள் இறங்கிவிட்டது. சிவப்பு ரெண்டு தட்டு பஸ்ஸின் மேல் தட்டில், முன் கதிரையில் அவளை இருத்தி, கண்ணாடிக்கு நேரே ரெலிபோனைப் பிடிக்கச் சொல்லிக் கிங்ஸ்டன் வரைக்கும் போய் வந்திருக்கிறார். அன்றைக்கு அக்கா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட, "பொறு, பஸ் ஓடிக்கொண்டிருக்கேக்கை எப்பிடி இறங்கிறது?" என்றாராம்.

"எங்களுக்கு" என்று அவர் சொன்னால் நாங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். அது சுருவிலா நியூமோல்டனா என்பது பின்னால்தான் தெரியும். நெற்றி வியர்வையைத் துவாயால் துடைத்துக்கொண்டே, "இண்டைக்கு எங்களுக்குச் சரியான குளிர், தம்பி. கார்க் கண்ணாடியெல்லாம் ஐஸ்" என்பார். அங்கத்தைய காலைச் சாப்பாட்டோடு இங்கே தன் மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடுவார். கோடைக்குப் பதினொன்றரை மணி. ஒக்ரோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினால், இவருடைய சோறும் பன்னிரண்டரைக்குப் போய்விடும்.

"பசிக்குது எண்டு சொல்லுறியள். சோறு கிடக்கு. சாப்பிடுங்கோவன்" என்பார் அக்கா.

"இப்பதான் அங்கை ஆறு மணி. பிள்ளை எழும்பேல்லை. அதுக்கிடையிலை சாப்பிடுறதோ?"

"இந்த மனிசன் நியூமோல்டனிலை குடியிருக்குது தம்பி" என்று அக்கா என்னிடம் முறையிடுவார். "என்னை மட்டும் சமைக்கச் சொல்லிச் சுருவிலிலை விட்டிட்டுப் போட்டுது."

அங்கத்தைய வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்னவற்றை அந்த நாட்களில் நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். ஆங்கிலம் படித்தவன் என்ற எண்ணத்தில் எழுதினேன். இன்றைக்கு வாசிக்க, நான் படித்த பாடப்புத்தகங்களில் இல்லாத இங்கிலாந்து அதில்தான் இருக்கிறது.

"எங்கட ஒழுங்கையிலை முப்பது வீடு. முப்பதிலையும் சனம் இருக்கு, ஒரு சத்தம் இல்லை. சுருவிலிலை இந்த ஒழுங்கையிலை பன்ரெண்டு வீடு, நாலிலைதான் சனம். சத்தத்துக்குக் குறைவோ, சொல்லும் பாப்பம்?"

"ரெண்டு வீட்டுக்கு ஒரு நடுச்சுவர். ஷீலா இருமினால் எங்களுக்குக் கேக்கும். ஆனா கேட்ட மாதிரிக் காட்டக்கூடாது. ரெண்டு நாள் கழிச்சு, 'குளிர் கூடிப்போச்சு, கவனமா இருங்கோ' எண்டு சொல்லலாம். அதுதான் அங்கத்தைய மரியாதை."

"முதலிலை மழையைப் பற்றிக் கதைக்கவேணும். மழை இல்லாட்டில், ஏன் மழை இல்லை எண்டு கதைக்கவேணும். அதுக்குப் பிறகுதான் உம்மடை அலுவல்."

"பிழை அவன் விட்டாலும் நீர் மன்னிப்பு, அதுதான் சொறி, சொல்லவேணும். உடனை அவனும் சொறி சொல்லுவான். ரெண்டு பேரும் சரி."

இந்தக் கடைசிப் பழக்கத்தை அவர் மினிபஸ்ஸுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். ஒருநாள் வேலணைச் சந்தியில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது. பிரேக் பிடித்து, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "சொறி" என்றார். பின் கதிரையில் இருந்த கிழவர் ஒருவர், "அது திருப்பிச் சொல்லுமட்டும் நிப்பாட்டி வைச்சிருக்கப் போறீரோ?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. அண்ணையும் சிரித்தார்.

அனலைதீவுப் பெடியன் ஒருவன் படிக்கப் போய், முதல் நாளே நியூமோல்டனில் இறங்கித் திசை தெரியாமல் நின்றான். வதனி வீட்டில்தான் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. வதனி வேலையில், ரெலிபோன் எடுக்கவில்லை. அவன் கையில் இருந்த இன்னொரு இலக்கம் அண்ணையுடையது. நானும் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, பதகளிக்காதையும். ஸ்ரேசனுக்கு வெளியாலை நிக்கிறீரோ? ரெயில் பாலம் தெரியுதோ?"

"ஓம் அண்ணை."

"பாலத்துக்குக் கீழாலை நடந்து ஹை ஸ்ட்ரீற்றுக்கு வாரும். பாதிக் கடை கொரியாக்காரற்றை. போர்ட்டுகள் வாசிக்கேலாது, பயப்பிடாதையும். வட்டத்துக்கு மேலை தொப்பி போட்ட மாதிரி ஒரு எழுத்து முதலிலை வாற கடை தெரியுதோ?"

அவன் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "தொப்பி தெரியுது அண்ணை!" என்று அவன் கத்தினான்.

"அதிலை இடப்பக்கம் திரும்பும். ரோசாப்பூக் கதவு வீடு ஒண்டு வரும். அதிலை பூனை ஒண்டு மதிலிலை இருக்கும். வலப்பக்கம்."

"பூனை இல்லை அண்ணை."

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். "ஓ, இப்ப அங்கை பின்னேரம். உள்ளுக்குப் போயிருக்கும். நீர் திரும்பும்."

பெடியன் போய்ச் சேர்ந்தான்.

குப்பைத் தொட்டிக் கதையையும் சொல்லவேண்டும். அங்கே ஒரு கிழமைக்கு ஒரு வகைத் தொட்டி, அடுத்த கிழமைக்கு வேறொரு வகை. வதனியின் புருசனுக்கு அது ஒருநாளும் ஞாபகம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சுருவிலிலிருந்து அறிவித்தல் போகும்: "மச்சான், நாளைக்கு நீலம்." இது பிழைப்பதே இல்லை என்று கண்டுகொண்ட பக்கத்து வீடுகள் மெல்ல மெல்ல மச்சானின் தொட்டியைப் பார்த்துத் தங்கள் தொட்டியை வைக்கத் தொடங்கின. ஷீலாதான் இதை வதனிக்குச் சொன்னவ. அந்த ஒழுங்கை முழுவதற்கும் எந்தத் தொட்டி என்று தீர்மானிக்கிறது, கடலைப் பார்த்தபடி முருங்கைக்காய் உரித்துக்கொண்டிருந்த எங்கள் அண்ணை என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு லீவு நாள் கிழமையில் இவர் பிழையாகச் சொல்லிவிட்டார். முப்பது வீட்டு வாசலிலும் முப்பது பிழையான தொட்டி நின்றது. அண்ணை மூன்று நாள் ஒருத்தருடனும் சரியாகக் கதைக்கவில்லை. "ஊரைக் குழப்பிப் போட்டன்" என்றார்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரலாமே, அண்ணை?" என்று கேட்டேன்.

"என்னத்தைப் பாக்கிறது? நான் அங்கைதானே இருக்கிறன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "கடல் சத்தம் இல்லாத இடத்திலை எனக்கு நித்திரை வராது. பகலிலை அங்கை இருந்தாப் போதும்."

இனி வேலிக்கு வருகிறேன். அதற்கு முதல் ஷீலாவைச் சொல்லவேண்டும். எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண், புருசன் இல்லை, பழைய பள்ளிக்கூட லைப்ரேரியன். வதனி அப்போது தாதிப் பயிற்சியின் கடைசி வருசம். ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு நிற்கவேண்டும். அவளுடைய புருசன் அதற்கு முதலே போய்விடுவார். ஆரணியை எழுப்பிச் சாப்பாடு கொடுத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவதும், மூன்று மணிக்குக் கூட்டிக்கொண்டு வருவதும் ஷீலா. காசு வாங்கமாட்டா. வதனி வீட்டுச் சாவி ஒன்று, எங்கள் பேச்சில் திறப்பு, அவவிடம்தான் இருந்தது. பயிற்சி மணித்தியாலம் குறைந்தால் வதனி அந்த வருசத்தைத் திரும்பச் செய்யவேண்டும். ஷீலா இல்லாவிட்டால் மணித்தியாலம் குறையும். வேறு கதை இல்லை. ஷீலா இல்லாத அந்தப் பத்து நாளும் வதனி இரவு வேலைக்கு மாறி, மச்சான் இடைக்கிடை லீவு எடுத்து, எப்படியோ சமாளித்தார்கள்.

"ஷீலா அக்கா வாறதுக்கிடையிலை வேலி நிக்கவேணும்" என்று அண்ணை தீர்மானமாகச் சொன்னார். ஷீலா அவருக்கு எப்போதும் ஷீலா அக்கா.

காரணம் எனக்கும் விளங்கியது. எங்கள் பக்கம் வேலி என்பது சும்மா தடுப்பு இல்லை. ஒரு வேலி விழுந்து இரண்டு நாள் கிடந்தால், அடுத்த வளவுக்காரர் வேலிக் கம்பான கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் அரக்கித் தள்ளி நட்டுவிட்டார் என்ற கதை மூன்றாம் நாள் வந்துவிடும். அந்தக் கதையில் தொடங்கி, வழக்காகிக் கோட்டில் முடிந்த குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. ஆள் இல்லாத நேரத்தில் வேலி அடைப்பதானால், ஒரே ஒரு மரியாதையான வழிதான் உண்டு: உன் பக்கம் தள்ளி, உன் நிலத்தை விட்டுக்கொடுத்து அடை.

"நாலு அங்குலம் உள்ளுக்கு எடு, மச்சான்" என்றார் அண்ணை. "பழைய கிடங்கிலையிருந்து நாலு அங்குலம் எங்கட பக்கம். நாளைக்கு ஒருத்தரும் அரக்கினது எண்டு சொல்லக்கூடாது. உயரமும் ஆறடிக்குப் போடு. பழசு இடுப்பளவு. தனிச்ச பொம்பிளை இருக்கிற வீடு. வடிவா மறைப்பு இருக்கட்டும்."

மச்சான் இரண்டு தரம், "அத்தான், சும்மா பழைய மாதிரியே..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. ஆரணி மட்டும் ஒருமுறை ரெலிபோனுக்குக் கிட்ட வந்து, "மாமா, அப்ப நான் எப்பிடிப் போறது?" என்று கேட்டாள். "முன் கதவாலை போங்கோ செல்லம்" என்றார் அண்ணை. அந்தக் கேள்வியை நாங்கள் எவரும் நின்று கேட்கவில்லை.

சனிக்கிழமை வேலைகாரர் வந்தார்கள். சீமெந்துத் தூண், தடித்த பலகை. அண்ணை காலையிலிருந்து இரவு வரை குசினியை விட்டு அசையவில்லை. அங்கே தூணின் சரிவு பார்க்கும்போது இங்கே தலையைச் சரித்தார்.

என்னுடைய பங்கும் ஒன்று உண்டு. ஷீலா வந்ததும் திகைக்கக்கூடாது என்று, அவவின் கதவுக்குள் ஒரு கடிதம் போடவேண்டும் என்றார் அண்ணை. "நாலு அங்குலம் விட்டது தெரியவேணும். காசு கேக்கேல்லை எண்டதும் தெரியவேணும். நல்ல இங்கிலீசிலை எழுதும் தம்பி, எங்களை மதிக்கிற மாதிரி." நான் இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஆங்கிலம் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களின் ஆங்கிலம்தான். தமிழில் சொன்னால் அது இப்படி இருந்தது: "புதிய வேலியானது முழுமையாக எமது எல்லைக்குள், எமது சொந்தச் செலவில் அமைக்கப்பட்டுள்ளது என்பதைத் தங்களுக்கு அறியத்தருகிறோம். இது தொடர்பில் தங்களிடமிருந்து எவ்விதப் பங்களிப்பும் எதிர்பார்க்கப்படவில்லை." வாசித்துக் காட்டியபோது அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கோட்டிலை வைக்கலாம்" என்றார். நான் மகிழ்ந்துபோனேன்.

ஷீலா ஞாயிற்றுக்கிழமை வந்தா. திங்கட்கிழமை வதனியின் கதவுக்குள் ஒரு உறை கிடந்தது. அதன் படத்தை அவள் அனுப்பியிருந்தாள். நான் மொழிபெயர்த்தேன்: "வேலி மிகவும் அழகாக இருக்கிறது. இது இனி உங்களுக்குத் தேவைப்படும் என்று நினைக்கிறேன். அன்புடன், ஷீலா."

"அழகா இருக்காம், அண்ணை!" என்றேன்.

"பாத்தியளே?" என்று அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நான் சொன்னனான்தானே?"

"எது தேவைப்படுமாம்?" என்று அக்கா கேட்டார்.

அப்போதுதான் படத்தை விரித்துப் பார்த்தேன். உறைக்குள் ஒரு திறப்பு இருந்தது. வதனி வீட்டுத் திறப்பு.

வதனி அழைப்பு எடுத்தபோது அழுதுகொண்டிருந்தாள். "நான் போய்க் கேட்டனான் அண்ணை. 'முழங்கால் ஏலாமல் கிடக்கு, வேறை ஆரையும் பாருங்கோ' எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறா. முழங்காலாம்! முந்தநாள்தான் மலையேறின படம் அனுப்பினவ. புதன்கிழமை ஏழு மணிக்கு நான் வார்ட்டிலை நிக்கவேணும். பிள்ளையை ஆரிட்டை விடுறது? ஒரு வருசம் போகப்போகுது அண்ணை, ஒரு வருசம்."

அண்ணை விரலால் மேசையில் நாலு அங்குலம் அளந்தார். "நாலு அங்குலம் விட்டனாங்களே" என்றார், தனக்குத்தானே.

வதனியின் கையிலிருந்து ரெலிபோனைப் பறித்தது ஆரணி. அவள் கண்ணும் அழுது சிவந்திருந்தது. "மாமா, நீங்கதான் என்ர வழியை மூடினது. வாங்கோ காட்டுறன்" என்று ரெலிபோனைக் கொண்டு பின்வளவுக்கு ஓடினாள். வானம், புல், வானம் என்று படம் குலுங்கியது. பிறகு நின்றது. தோட்டச் சாமான் வைக்கிற கொட்டிலின் பின்பக்கம். பன்னிரண்டு வருசத்தில் ஒருத்தரும் அந்த மூலைக்கு ரெலிபோனைத் திருப்பிப் பிடித்ததில்லை. நியூமோல்டனில் அண்ணைக்குத் தெரியாத ஒரே இடம் அதுதான்.

புல்லில் ஒரு தடம் தெரிந்தது. நடந்து நடந்து மண் தெரிகிற, ஓரடி அகலத் தடம். அது கொட்டிலைச் சுற்றி வந்து, நேரே போய், புதுப் பலகையில் முட்டி நின்றது.

"இதிலை பழைய வேலியிலை பலகை இல்லை மாமா. நான் இதாலைதான் ஷீலாவிட்டைப் போறனான். ஷீலா இதாலைதான் கேக் தாறவ. இப்ப நான் பெல் அடிக்கவேணுமாம்."

அண்ணை ரெலிபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஐயோ" என்றார். "பொட்டு! நான் பொட்டை அடைச்சுப் போட்டனடி."

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வேலிகளில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். அதற்குப் பெயர் பொட்டு. யாரும் அதை வெட்டுவதில்லை. இரண்டு வீட்டுக்காரர் போக வர அது தானாக உண்டாகும். கறிக்கிண்ணம், நெருப்புப்பெட்டி, செய்தி எல்லாம் அதால்தான் போகும். முன்வாசல் படலையால் வருகிறவர் விருந்தாளி. பொட்டால் வருகிறவர் வீட்டு ஆள். வருசா வருசம் புதிதாக ஓலை வைத்து வேலி அடைக்கும்போதும் அந்த இடத்தை விட்டுத்தான் அடைப்பார்கள். பொட்டை அடைத்தால், உன்னோடு இனிக் கதையில்லை என்று வாய் திறக்காமல் சொன்ன மாதிரி. சுருவிலில் அப்படி அடைபட்ட இரண்டு பொட்டுகள் இருக்கின்றன. அந்த வீட்டார் இன்றைக்கும் ஒருவர் கலியாணத்துக்கு ஒருவர் போவதில்லை.

"ஆள் இல்லாத நேரம் பாத்து அடைச்சிருக்கிறன்" என்றார் அண்ணை. "அதுக்கு மேலை ஒரு கடிதம் வேறை."

கடிதம் என்றதும் நான் எழுதிய வசனங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எங்கள் எல்லைக்குள், எங்கள் செலவில், உங்களிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. எழுபது வயதில் தனியே இருக்கிற ஒரு மனுசி அதை எப்படி வாசித்திருப்பா?

"ஷீலா அக்காவைக் கூப்பிடு பிள்ளை. நான் கதைக்கிறன்" என்றார் ஆரணியிடம்.

ஆரணி முன்பக்கத்தால் ஓடிப்போய்ப் பெல் அடித்தாள். அதற்குள் நான் அவசரமாக நாலு வசனம் எழுதிக் கொடுத்தேன். ஷீலாவின் முகம் ரெலிபோனில் வந்தது. நரைத்த கட்டைத் தலைமயிர், கழுத்தில் தொங்கும் கண்ணாடி, மிகவும் மரியாதையான சிரிப்பு. அண்ணை என் துண்டைப் பார்த்தார், கசக்கி அடுப்புக்குள் போட்டார்.

"மடம். சொறி. வெரி சொறி. வெயிற்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம், "இங்கிலீசு காணாது. காட்டவேணும். வாரும்" என்று எழும்பி நடந்தார்.

பின்வளவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற வேலிக்குப் போனார். கமராவைப் பொட்டுக்கு நேரே பிடித்தார். "திஸ்" என்றார். பிறகு ரெலிபோனை என்னிடம் தந்துவிட்டு, சாரத்தை இறுக்கிக் கட்டி, குனிந்து நுழைந்தார். அவர் இப்படி நுழைந்து எத்தனையோ வருசம். வழக்கமாக அக்காதான் அதால் போகிறவர். தலையும் தோளும் அந்தப் பக்கம் போயின. மிச்சம் இந்தப் பக்கம் நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில், எங்கள் வளவில், என் அம்மா ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. "என்ன இது! படலை கிடக்க, ஏன் அண்ணை இதாலை வந்து இறுகுறியள்?"

"கதையாதை. கையைப் பிடிச்சு இழு. லண்டன் பாத்துக்கொண்டு நிக்குது."

அம்மா மீன் கையால் இழுத்தா. அக்கா ஓடி வந்து பின்னால் தள்ளினார், "இன்னும் தின்னுங்கோ, ரெண்டு ஊர்ச் சாப்பாடும் தின்னுங்கோ" என்று திட்டியபடியே. அவருடைய சேட்டு வேலிக் கதியாலில் மாட்டிக் கிழிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அண்ணை எங்கள் வளவுக்குள் நாலு காலில் போய்ச் சேர்ந்து, எழும்பி, கமராவைப் பார்த்து, "சேம் திங், மடம். யுவர் ஹவுஸ், மை சிஸ்டர் ஹவுஸ். ஐ குளோஸ். மை மிஸ்ரேக்" என்றார்.

ஷீலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தா. முதலில் வாயைப் பொத்தினா. பிறகு பொத்த முடியாமல் போனது. எங்கள் வளவு முழுக்க ஓர் இங்கிலாந்துக் கிழவியின் சிரிப்புக் கேட்டது. அம்மாவுக்கு என்ன விசயம் என்று தெரியாது. ஆனால் ஒரு மனுசி ரெலிபோனுக்குள் இருந்து சிரிக்கிறா என்பதற்காகத் தானும் சிரித்து, ஓர் ஓராவைத் தூக்கிக் காட்டினா. ஷீலா, அது என்ன மீன் என்று கேட்டா.

பிறகு நான் மொழிபெயர்த்தேன். பொட்டு என்றால் என்ன, நாலு அங்குலம் ஏன் என்று எல்லாம். ஷீலா சிரிப்பை நிறுத்திக் கேட்டா. "அந்தக் கடிதத்தை வாசித்தபோது, உங்களுக்கு நான் தொல்லையாகிப் போனேன் என்று நினைத்தேன். ஒரு வழக்கறிஞர் எழுதியது போல இருந்தது" என்றா.

"அதை எழுதியது நான்தான்" என்றேன்.

"நீயா? என்ன படித்தாய்?"

"ஆங்கிலம்."

"மிகத் திறமாகப் படித்திருக்கிறாய்" என்றா ஷீலா. "இனி அப்படி ஒன்றும் எழுதாதே."

"என்னவாம், என்னவாம்?" என்று அண்ணை அவசரப்பட்டார். நான் சொன்னேன். அதன் பிறகு எவ்வளவோ நாள், நான் பேனையை எடுத்தால் அண்ணை, "தம்பி, ஷீலா அக்கா என்ன சொன்னவ?" என்று கேட்பார்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு ஷீலா வதனியின் வாசலில் நின்றா. முழங்கால் சுகமாகிவிட்டதாம்.

அடுத்த சனிக்கிழமை அதே வேலைகாரர் வந்து, ஒரு கிழமை வயசான வேலியை வெட்டினார்கள். கொட்டிலின் பின்னால், தடம் முட்டி நின்ற அதே இடத்தில். எவ்வளவு அகலம் என்பதில் சுருவிலுக்கும் ஷீலாவுக்கும் அரை மணித்தியாலம் விவாதம் நடந்தது. "ஆரணி அளவுக்குப் போதும்" என்றார் அண்ணை, பொட்டு என்றால் குனிந்துதான் போகவேண்டும் என்ற பிடிவாதத்தோடு. "நான் உங்களைப் போல நாலு காலில் போகமாட்டேன்" என்றா ஷீலா. அவவே வென்றா. நிமிர்ந்து போகிற ஒரு சின்னக் கதவு, பூட்டு இல்லாமல், இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி. பாதிக் காசு தான் தருவேன் என்று ஷீலா நின்றா. வதனி மறுத்தாள். "வாங்கு பிள்ளை. வாங்காட்டில் அவவுக்கு அதிலை உரிமை இல்லை எண்டாயிடும்" என்றார் அண்ணை.

வேலிக்கு ஆயிரத்து நூற்று எண்பது பவுண். பொட்டுக்கு இருநூற்று நாற்பது, அதில் ஷீலா போட்டது நூற்று இருபது. வதனி வீட்டுக்குச் செலவு ஆயிரத்து முந்நூறு பவுண்.